பெரிய நெகடிவும் எங்க குப்பமும்

போன மாசம் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். "ஏண்டா, லீவு நாள்ல எல்லாரும் சினிமாவுக்குப் போறானுங்க. நீ மட்டும் ரூம்ல லைட்ட அணைச்சிட்டு பழைய பிலிமை போட்டோ புடிச்சிட்டு இருக்கியே, இதுல இன்னாதான் கெடைக்குது?"

அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், டீக்கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன். பொறுமையாகப் படிங்க மக்களே :-)

எங்க வீடு முகத்துவாரக்குப்பம். தெரியாதவர்களுக்கு: கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேரும் இடத்தில் இருக்கிற மீனவர் குப்பம். எங்க தாத்தாவின் அண்ணன் ஹார்பரில் வேலை பார்த்தவர். அவருக்கு ஒரே ஒரு செலவுப் பழக்கம், கேமரா. ஆக்ஃபா க்ளிக் 3 என்ற பெட்டி கேமரா. அந்தக் காலத்தில் நிறைய நடுத்தர வீடுகளில் இருந்ததுதான். 120 என்ற அகல பிலிம் போட்டு, ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம் எடுக்கலாம். அவர் போன பிறகு ஒரு பிஸ்கட் டின் பரணில் கிடந்தது. உள்ளே 43 சதுர நெகடிவ், அதோடு திருவொற்றியூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது அவர் கேட்டு வாங்கி வந்த ஐந்து ஆஃப் பிளேட் நெகடிவ். ஆஃப் பிளேட் என்றால் கிட்டத்தட்ட நம் உள்ளங்கையை விரித்த அளவு, 4¾ × 6½ அங்குலம்.

முதலில் நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். நாலு நெகடிவை எடுத்துக்கொண்டு சிட்டியில் ஒரு கடைக்குப் போனேன். "இது பெரிய சைஸுப்பா, நம்ம மெஷின்ல போகாது" என்றார்கள். இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்த ஃபைல், வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் படம் அளவு. அதைவிட வருத்தம், நாலு பக்கமும் ஓரத்தை வெட்டி, முகத்தை நடுவில் வைத்து 'அழகு' பண்ணிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. போட்டோ என்றால் முகம்தான் என்று எல்லாரும் நினைக்கிறோம்.

என் கட்சி இதுதான்: நமக்கு வேண்டியது முகத்தில் மட்டும் இல்லை, ஓரத்திலும் இருக்கிறது. அந்த ஓரத்தை நமக்காக வேறு யாரும் காப்பாற்றப் போவதில்லை. அதனால் பெரிய நெகடிவை வீட்டிலேயே, நாமே, முழுசாகப் படியெடுக்க வேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். எங்க வீட்டுச் சுவரில் ஆயாவும் தாத்தாவும் கல்யாணம் ஆன புதிதில் எடுத்த படம் ஒன்று ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது. இடுப்புக்கு மேல் இரண்டு பேர், பின்னால் வெள்ளை. ஸ்டூடியோவில் எடுத்தது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதன் நெகடிவ் டின்னில் கிடைத்தது. முழுச் சதுரத்தையும் படியெடுத்துப் பார்த்தால், அந்த வெள்ளை ஒரு வேட்டி! இரண்டு பையன்கள் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேட்டிக்கு இந்தப் பக்கம் ஓலைக் குடிசை, உலர்த்திய வலை. அந்தப் பக்கம் மணல், மணலில் ஏற்றிவைத்த மூன்று கட்டுமரம், அதற்கு அப்பால் ஆறு. பிரிண்ட் போட்டவர் இதையெல்லாம் 'தேவையில்லாதது' என்று வெட்டியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் திரையில் பெரிசு பண்ணி ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் மூஞ்சியை ஆயா பார்க்கவே இல்லை. இடது பக்கம் வேட்டியைப் பிடித்திருந்த பையனைத் தொட்டு, "டேய், இது எந்தம்பிடா" என்றது. அந்தத் தம்பி பதினெட்டு வயதில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவருக்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லை. "மூஞ்சியே மறந்து பூட்ச்சி கண்ணு" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் வெட்டிக் கொடுத்த நாலில் இந்த நெகடிவ் இல்லாமல் போனது எங்க அதிர்ஷ்டம். இருந்திருந்தால் அந்த ஃபைலை வாங்கிக்கொண்டு 'வேலை முடிந்தது' என்று டின்னைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வீட்டில் எப்படிச் செய்வது?

பெரிய நெகடிவ் என்றால் பெரிய மெஷின் வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். கேமராவால் படியெடுப்பதாக இருந்தால் கதை தலைகீழ். சின்ன 35 மி.மீ. நெகடிவுக்குத்தான் மேக்ரோ லென்ஸ் வேண்டும். சதுர நெகடிவில் படம் மட்டும் 56 மி.மீ. இருக்கிறது. கேமராவோடு வரும் சாதாரண லென்ஸே கிட்டத்தட்டப் போதும், நல்ல போன்கூடப் போதும். பெரிசுதான் சுலபம்!

ஸ்கேனர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேப்பர் ஸ்கேன் பண்ணும் சாதா ஸ்கேனரில் நெகடிவ் வராது. மூடியிலும் விளக்கு இருக்கும் வகை வேண்டும். எப்சன் வி600 மாதிரியானவற்றில் 120 பிலிம் அகலம் வரைதான் அந்த விளக்கு. அதைவிடப் பெரியதை இரண்டு தடவை ஸ்கேன் பண்ணி ஒட்ட வேண்டும். வி700, வி850 வகைகளில் 8 × 10 அங்குலம் வரை ஒரே தடவையில் போகும், ஆனால் விலை நம்ம பட்ஜெட் இல்லை. பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருப்பதை நம்பி மயங்க வேண்டாம். உண்மையான விவரம் அதில் பாதிகூடக் கிடைக்காது. சதுர நெகடிவை 2400-ல் எடுத்தாலே 2 கோடியே 80 லட்சம் புள்ளி கிடைக்கும். சுவர் அளவுக்குப் பெரிசு பண்ணலாம்.

நான் செய்கிற முறை இது:

1. விளக்கு. ஆபீஸ் கூரையில் மாட்டும் சதுர எல்.இ.டி. பேனல் லைட் ஒன்று. அதற்கு மேல் நாலு விரல் உயரத்தில் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. நேம் போர்டு செய்யும் கடையில் துண்டாகவே கிடைக்கும். போன் திரையையோ டேப்லெட்டையோ விளக்காக வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் வந்துவிடும். அதற்கு நெகடிவைத் திரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். விளக்கு துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள்.

2. பிடிமானம். பிலிமின் அகலம் 61 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, படம் 56 மி.மீ. கறுப்பு சார்ட் பேப்பரில் 58 மி.மீ. ஜன்னல் வெட்டினால் படம் முழுக்கத் தெரியும், பிலிமின் ஓரமும் பிடிபடும். அப்படி இரண்டு அட்டைக்கு நடுவே பிலிமை வைத்தால் சமமாக நிற்கும். கண்ணாடி போட்டு அமுக்கினால் பிலிமின் வழவழப் பக்கம் கண்ணாடியில் ஒட்டி, தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி வளைய வளையமாக வரும். அதனால் முடிந்தவரை கண்ணாடி வேண்டாம்.

3. மட்டம். நெகடிவ் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து மேலேயிருந்து கேமராவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நடுவில் சரியாகத் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு மூலை தெளிவாகவும் மறு மூலை மசமசவென்றும் இருக்கும்.

4. தூசி. காற்று ஊதும் பல்பால் ஊதுங்கள். துணியால் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள் (எச்சில் தெறிக்கும், அனுபவம்!). ஸ்கேனரில் தானாகத் தூசி நீக்கும் வசதி இருந்தாலும் கறுப்பு வெள்ளைக்கு உதவாது. அது அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அந்த ஒளியை மறைத்துவிடும். படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

5. எடுப்பது. அறை இருட்டாக இருக்கட்டும். எக்ஸ்போஷர், ஃபோகஸ் எல்லாம் மேனுவல். இரண்டு நொடி டைமர். 'ரா' ஃபைலாக எடுங்கள், ஜேபெக் வேண்டாம். பிறகு கிம்ப் மென்பொருளில் நிறத்தைத் தலைகீழாக்கி, கர்வ்ஸில் கொஞ்சம் சரிசெய்தால் படம் வந்துவிடும்.

6. ஓரம். அட்டையிலிருந்து எடுத்து, விளக்கின் மேல் நெகடிவைச் சும்மா வைத்து இன்னொரு படம். பிலிமின் விளிம்பில் அச்சடித்திருக்கும் பெயரும் எண்ணும் அதில் வரும். இது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

ஆஃப் பிளேட் நெகடிவில் ஒவ்வொரு முகமும் தெளிவாக வேண்டும் என்றால் நாலு துண்டாக எடுத்து ஒட்டலாம். கேமராவை அசைக்காமல் நெகடிவை நகர்த்துங்கள், ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு மேலேறி இருக்கட்டும். ஹியூகின் என்ற இலவச மென்பொருள் ஒட்டிக் கொடுத்துவிடும். இது ஒன்றும் புதுசு இல்லை. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனி அதிகாரி தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் படம் எடுத்தபோது ஒரே படத்தில் அடங்கவில்லை. 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதுவும் காகித நெகடிவில், கையால்! நமக்குக் கம்ப்யூட்டர் இருந்தும் சோம்பேறித்தனம்.

இப்போது 'ஓரம்' விஷயத்துக்கு வருகிறேன். ஆயாவுக்குக் கல்யாணம் நடந்த வருஷம் நினைவில் இல்லை. "பெருமழ பேஞ்ச வருஷம்" என்றுதான் சொல்லும். நெகடிவின் விளிம்பில் 'இண்டு' என்று இருந்தது. அது ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் பிராண்ட். 1960-ல் தொடங்கிய அந்த அரசு கம்பெனி உற்பத்திக்கு வந்தது 1967-ல். ஆக, படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. படத்தில் ஆற்றைத் தாண்டித் தெரிகிற வானத்தில், நான் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி இல்லை. அங்கே 1970-ல் மின் உற்பத்தி தொடங்கியது, 2017-ல் மூடினார்கள். ஆக, படம் 1967-க்கும் 1970-க்கும் நடுவில். ஒரு பிலிம் ஓரமும் ஒரு வெற்று வானமும் சேர்ந்து எங்க ஆயாவின் கல்யாண வருஷத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டன. கடைக்காரர் வெட்டியது இந்த இரண்டையும்தான்.

"அதெல்லாம் சரி, பழசைத் தோண்டி என்ன ஆகப் போவுது?" என்று அதே நண்பன் கேட்பான், தெரியும்.

எங்க பக்கம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. எண்ணூர் உப்பங்கழியைச் சுற்றி அனல் மின் நிலையங்கள் வந்தன, 2001-ல் துறைமுகம் வந்தது, சாம்பல் கழியில் படிந்தது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் நீர்நிலையாக இருந்த கழி, பிறகு வந்த வரைபடத்தில் காணவில்லை என்று 2017-ல் பெரிய சர்ச்சையே நடந்தது. இங்கே தண்ணீர் இருந்தது, இங்கே வலை காயப்போட்டோம், இங்கே கட்டுமரம் ஏற்றினோம் என்று எங்க பெரியவர்கள் சொன்னால் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஆதாரம் பரணில் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. கல்யாணப் படத்தின் ஓரத்தில், காதுகுத்துப் படத்தின் பின்னணியில். யாரும் ஆற்றைப் படம் எடுக்கவில்லை. மனுஷரை எடுத்தபோது ஆறு தானாக வந்து விழுந்தது.

பழைய படத்துக்கு இருக்கிற பலத்துக்கு வேறு உதாரணமும் சொல்லலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் சிலையை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அந்தச் சிலை கோயிலில் இருந்தபோது 1994-ல் எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தன. அவை முக்கியமான சாட்சியாயின. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கவனியுங்கள், அங்கே படம் மட்டும் இல்லை, எந்த ஊர், எந்த வருஷம் என்ற குறிப்பும் இருந்தது. குறிப்பு இல்லாத படம் அழகாக இருக்கும், சாட்சி சொல்லாது.

இந்த இடத்தில்தான் 'வீட்டிலேயே' என்று நான் அடம்பிடிக்கிறேன். அதே பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாக, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அருமையான வேலை, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அவர்கள் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒவ்வொரு பரணுக்கும் வர முடியுமா? வந்தாலும், வேட்டி பிடித்த பையன் யார் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அதைச் சொல்லத் தெரிந்த ஆயா எங்க வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் படியெடுக்கும்போது ஆயா பக்கத்தில் இருக்கும். அது சொல்வதைப் போனில் பதிவு செய்து, அந்தப் படத்தின் எண்ணையே ஒலி ஃபைலுக்கும் பெயராக வைக்கிறேன். 43 நெகடிவில் இதுவரை 29-க்கு ஆள், இடம் தெரிந்துவிட்டது. பாக்கி 14-க்குப் பக்கத்துத் தெருப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்கும் வயசாகிறது, அதுதான் அவசரம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் பிலிமே. டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் இருந்தால் வேகமாகும். இரண்டுக்கும் எங்க ஊரில் பஞ்சமே இல்லை. வாடை அடிப்பதைத் தனியாகப் பிரியுங்கள், மற்றதையும் கெடுத்துவிடும். இறுக்கி மூடிய டின்னிலிருந்து எடுத்து ஒவ்வொன்றையும் காகித உறையில் போடுங்கள். 1950-களுக்கு முந்தைய பிலிம் என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம், சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்குச் சூடு பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் எங்க பகுதிக்குள் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்க டின் பரணில் இருந்ததால் தப்பியது. பக்கத்து வீட்டு அத்தை பெட்டியை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். நெகடிவ் எல்லாம் நனைந்து, அப்படியே வெயிலில் காயவைத்ததில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. நனைந்தால் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெதுவாகப் பிரித்து, நிழலில் தொங்கவிட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதம் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். கையில் ஃபைல் வந்ததும் எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றத் தோன்றும். அது தப்பு. அந்தப் படத்தில் இருக்கும் அத்தைகளும் சித்திகளும் வீட்டுக்காகத்தான் நின்றார்கள், ஊருக்காக இல்லை. கேட்டுவிட்டு ஏற்றுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். ஆயா சம்மதிக்காததால்தான் அந்தக் கல்யாணப் படத்தை நான் இங்கே போடவில்லை.

கடைசியாக ஒன்று. டிஜிட்டல் ஆக்கியாச்சே என்று நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகமே கணினித் தாக்குதலில் முடங்கி, அதன் டிஜிட்டல் சேகரிப்புகள் பல மாசம் யாருக்கும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் நம்ம ஹார்ட் டிஸ்க் எந்த மூலைக்கு? வீட்டில் ஒரு பிரதி, சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒன்று. இத்தனைக்கும் மேலே, மூல நெகடிவ் காகித உறையில், பரணில்.

இந்த வாரம் உங்க வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். டின் கிடைத்தால், படியெடுக்க வசதி வரும்வரை காத்திருக்காமல், முதலில் வீட்டுப் பெரியவர் ஒருவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நெகடிவைத் தூக்கிக் காட்டி, "இது யாரு?" என்று கேளுங்கள். கேமராவை அப்புறம் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளலாம். கிளாஸ்மேட்டாக இருந்தால் என் லைட்டும் அக்ரிலிக் தகடும் இரவல் தருகிறேன், திருப்பிக் கொடுத்தால் சரி :-)